சென்சார் மேல் ஒரு ஸ்டிக்கர்

எங்கள் பள்ளிக்கு ஒளி அளக்கும் சென்சார் வாங்கித் தந்த வள்ளல், தாளாளர் தெய்வநாயகம். தந்த கையோடு, வெளிச்சம் விழவேண்டிய கண்ணாடி மேலேயே 'உபயம்: கல்விக் காவலர் தெய்வநாயகம்' என்று ஸ்டிக்கரும் ஒட்டினார். உரித்தால் வேலை போகும் என்று ஆய்வக உதவியாளர் செல்வராணிக்கு உத்தரவு.

கல்வி அதிகாரி வந்த அன்று மாணவர்கள் டார்ச் அடித்தார்கள். சென்சார் பூஜ்யம் காட்டியது. வெயிலில் வைத்தார்கள். அப்போதும் பூஜ்யம்தான்.

"நான் குடுத்ததைக் கெடுத்துட்டியா? இப்பவே சரியாக் காட்டணும், இல்லேன்னா வீட்டுக்குப் போ!" என்று தாளாளர் கத்தினார்.

"கருவி நல்லாத்தான் இருக்குங்க ஐயா," என்றாள் செல்வராணி பணிவாக. "உங்க பேரைத் தாண்டித்தான் வெளிச்சம் உள்ளே போகமாட்டேங்குது."

அதிகாரியே ஸ்டிக்கரை உரித்தார். எண் எகிறியது. தாளாளர் முகம் எவ்வளவு இருண்டது என்பதை மட்டும், மரியாதை கருதி யாரும் அளக்கவில்லை.