நைஸ் ராஜா

முத்தங்கரை என்ற கடலோர நாட்டை முன்னொரு காலத்தில் சித்திரவேலர் என்ற ராஜா ஆண்டுவந்தார். புகழ்ந்தால் முத்துமாலை, பழித்தால் யானையின் காலடியில் மிதிபட்டுச் சாவு. நடுவில் யோசனை என்பதே கிடையாது.

ஓர் ஐப்பசிப் புயலில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்று உடைந்து, எட்மண்ட் என்ற மாலுமி கரை ஒதுங்கினான். ராஜா வைத்தியம் பார்க்கச் சொல்லி, வேட்டி கொடுத்து, வயிறாரச் சோறும் போட்டார். உடம்பு தேறியதும் அவன் சபைக்கு வந்து, கண் கலங்கக் கைகூப்பி, "நைஸ் ராஜா! நைஸ் ராஜா!" என்றான்.

"என்னய்யா சொல்கிறான்?"

அமைச்சர் தில்லைவாணருக்கு அந்தப் பாஷை தெரியும். "தங்களை இனியவர், நல்லவர் என்கிறான், மகாராஜா."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. நல்ல சேதி சொன்னதற்காக அமைச்சர் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. அதைப் பார்த்த ஆஸ்தானப் பண்டிதர் ஆபத்சகாயருக்கு வயிறு எரிந்தது. துறைமுகத்துப் பாதிரியாரைப் போய் விசாரித்தார். மறுநாள் சபையில் ஓலமிட்டார்.

"மோசம் போனோம், மகாராஜா! நைஸ் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன் பாஷையாம். ஒன்றும் அறியாதவன் என்று பொருளாம். ஆங்கிலேயர் வாயில் அது மடையன் என்றே வழங்கியதாம்!"

"என் சோற்றைத் தின்று என்னையே மடையன் என்றானா? கொண்டுவாருங்கள் யானையை! மறைத்துச் சொன்ன அமைச்சருக்கும் அதே கதிதான்!"

காவலர் எட்மண்டைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்தார்கள். என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் அவன் விழித்தான்.

"ஆகட்டும், மகாராஜா. அதற்குமுன் பண்டிதரைப் புகழ ஒரு வார்த்தைக்கு அனுமதி வேண்டும்" என்றார் அமைச்சர். ராஜா தலையசைத்தார்.

"சபையோரே! பண்டிதர் உள்ளே நுழைந்தாலே அவருடைய நாற்றம் மண்டபமெங்கும் வீசுகிறது. நாற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை!"

சபை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பண்டிதர் குதித்தார். "சபை நடுவே என்னை அவமதிக்கிறான்!"

"அவமதிப்பா? பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் அல்லவா? பூவின் நாற்றம் என்று முன்னோர் சொல்லவில்லையா?"

"அது அந்தக் காலம்! இன்றைக்கு யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஒரு சொல்லுக்கு இன்று என்ன அர்த்தமோ, அதுதானய்யா அர்த்தம்!"

தாம் சொன்னது பண்டிதர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் அமைச்சர். "பாதிரியார் சொன்னது பொய்யில்லை. நைஸ் மடையனாகத்தான் பிறந்தது. வாய்க்கு வாய் மாறி நுணுக்கமானது, பிறகு இனிமையானது. எட்மண்ட் பேசக் கற்றபோது அது நல்ல சொல்லாகிவிட்டது. அவனுடைய நன்றியைப் பாட்டன் காலத்து அர்த்தத்தில் எடை போடலாமா?"

ராஜாவின் முகம் சுருங்கியது. "நன்றி சொல்ல வந்தவனைக் கொல்லப் பார்த்தேனே! அதைத் தடுத்தீரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்?" என்று அமைச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, "பண்டிதரே, அடுத்த கப்பல் வரும்வரை இவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது உம் வேலை. இந்தக் காலத்துத் தமிழ்!" என்றார்.

ராஜாவே இறங்கிவந்து எட்மண்டின் கட்டை அவிழ்த்தார். அவன் அழுதுகொண்டே தன் பாஷையில் என்னென்னவோ சொன்னான். அமைச்சர் அர்த்தம் சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாம் ஐயா" என்றார் ராஜா. "எனக்கே புரிகிறது."