மங்கராயனின் பிடில் பேசிய எட்டு நாள்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை மங்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது நினைத்தவுடன் நடக்காவிட்டால் சமையற்காரர் முதல் யானைப்பாகன்வரை எல்லோர்மீதும் எரிந்துவிழுவார்.

அவரிடம் தந்தையின் பிடில் இருந்தது. தந்தை அதை எடுத்தால் அந்த நேரத்தில் மனத்தில் வந்ததை வாசிப்பார். மங்கராயனுக்கோ மூன்று வருடம் படித்தும், பாடம் செய்ததைத் தாண்டி ஒரு சுரம் வரவில்லை.

"கற்பனை பிறவியிலேயே வரவேண்டும், மகாராஜா. என்னைப்போல" என்றார் அவருக்குப் பாடம் எடுத்த ஆஸ்தான வித்வான் பஞ்சாபகேசர். அந்தப் பிடில்மேல் அவருக்கு நெடுநாள் கண்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "சரஸ்வதி பூஜையன்று சொந்தமாக வாசிக்கிறேன். முடியாவிட்டால் அப்பாவின் பிடில் உமக்கு!"

சபையில் விட்ட வார்த்தை. பூஜைக்கு எட்டு நாளே இருந்தது. அன்று மாலை அமைச்சர் நாச்சியப்பரிடம் புலம்பினார்.

"அடுத்தது என்ன என்று யோசித்தாலே வில் நின்றுபோகிறது, நாச்சியப்பரே."

"பேசும்போது அடுத்த வார்த்தையை யோசிக்கிறீர்களா?"

"யோசித்திருந்தால் இந்தப் பந்தயமே வந்திருக்காதே!"

"அப்படியானால் நாளை முதல் மௌன விரதம். யார் என்ன கேட்டாலும் வில்லால்தான் பதில்."

முதல் நாள், மாங்கன்று பட்டுப்போனதைத் தோட்டக்காரர் சொன்னார். பிடில் எண்ணெய் காணாத கதவுபோல் கிறீச்சிட்டது.

"மகாராஜாவுக்குக் கோபமா, வயிற்றுவலியா?"

"இரண்டும்" என்றார் அமைச்சர்.

மூன்றாம் நாள், "புளியோதரை செய்யட்டுமா?" என்று சமையற்காரர் கேட்டதும் தந்தி துள்ளியது. சபையே சிரித்தது. ஆறாம் நாள் யானைப்பாகன் வந்தார். தந்தை ஏறிய கிழட்டு யானை அன்று காலை இறந்திருந்தது. ராஜா மெல்ல வில்லை இழுத்தார். அப்பாவின் ஒரு குழைவு தானாக வந்து சேர்ந்தது. பாகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூஜையன்று பஞ்சாபகேசர், "அதெல்லாம் விளையாட்டு. சங்கீதம் வேறு" என்றார்.

"முதலில் நீங்களே விளையாடுங்களேன்" என்றார் அமைச்சர். "வில்லால் சொல்லுங்கள். சாப்பிட்டாயிற்றா?"

வித்வான் கம்பீரமாகத் தோடி வாசித்தார்.

"வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?"

அதே தோடி, இம்மி பிசகாமல்.

"போன வருஷமும் இதேதானுங்களே!" என்றார் தோட்டக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் அமைச்சர் திரும்பினார். "மகாராஜா, இவருக்கு என்ன தீர்ப்பு?"

ராஜா அதே தோடியில் தொடங்கினார். நடுவழியில் அது முறைத்தது, நொண்டியது, வித்வானைப்போலவே கனைத்தது. பிறகு கனிந்து அடங்கியது.

பஞ்சாபகேசர் தலைகுனிந்தார். "மன்னித்துவிட்டீர்கள். ஆனால் பாடம் எடுக்க வரவேண்டாம் என்கிறீர்கள்."

பிடில் 'ஆமாம்' என்றது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நாச்சியப்பருக்குப் போட்டார். மறுநாள் வாயைத் திறந்து பேசினார். அதன்பிறகு அந்தச் சபைக்கு அவரை அவ்வளவு நன்றாகப் புரிந்ததே இல்லை.

பல்லெல்லாம் போன வயதில் அவர் கேட்பார்: "அன்று யானைக்காக என்ன வாசித்தேன், நாச்சியப்பரே?"

"நினைவில்லை, மகாராஜா. பாகன் அழுதது நினைவிருக்கிறது."

ராஜா பேசாமல் பிடிலை எடுப்பார்.