எறும்பு இழுத்துப்போன அம்புக்குறி

நான் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கிறவள். முருகன் படத்துக்கு விளக்கேற்றாமல் காப்பித்தண்ணிகூட என் வாயில் படாது. இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், பொய் என்பது எனக்கு வராது. வரவழைத்தாலும் தொண்டையோடு நின்றுவிடும். மற்றபடி நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர்கள் பாடு.

என் இளைய மகன் குத்தாலிங்கம் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். ஓட்டப் பைத்தியம். மலையடிவாரத்து எங்கள் ஊரில் அவனும் அவன் சேக்காளிகளும் சேர்ந்து ஒரு ஓட்டக் குழு வைத்திருக்கிறார்கள். சுற்று ஊர்களிலும் இப்படிக் குழுக்கள் உண்டு. போன வருடம் அவர்களை எல்லாம் சேர்த்து ஒரு கிராஸ் கன்ட்ரி லீக் ஆரம்பித்தான். ரோட்டில் ஓடுகிற ஓட்டம் இல்லை இது. வரப்பு, ஓடை, குளத்துக்கரை, எலுமிச்சைத் தோப்பு என்று காலுக்குக் கிடைத்த பக்கமெல்லாம் ஓட வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு ஒரு ஓட்டம். ஒரு குழுவில் முன்னால் வருகிற ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்தக் குழுவுக்குக் கூட்டினால் குறைவாக வருகிறதோ அது ஜெயித்தது. குறைவாக வாங்கினவன் ஜெயிக்கிற கணக்கு எனக்குப் பிடிபடவே வெகு நாள் ஆயிற்று.

போன வருடம் மூன்று குழுக்கள் ஓடின. இந்த வருடம் அதில் ஒரு குழுவின் தலைவன் மைதீன் கையை விரித்துவிட்டான். "பாத்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு எத்தனை மாசம் ஓட? நாலாவதா ஒரு குழு வந்தா நாங்க இருக்கோம். இல்லன்னா எங்களையும் விட்டுருங்க" என்றான். அவன் போனால் இரண்டு குழு. இரண்டு குழு ஓடினால் அதற்குப் பெயர் லீக் இல்லை, துரத்தல்.

நாலாவது குழு என்றால் பக்கத்து ஊர் மேலக்கரைக்காரர்கள்தான். அவர்களுக்குத் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே இறக்கிவிட்டவர் என்று சொல்வார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் எங்கள் எலுமிச்சை மண்டிக்கு வந்தார். அன்று மண்டி லீவு. காலிச் சாக்குகளை விரித்து, மைதீனும் ஓட்டக்காரப் பையன்களுமாக எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் டீயும் உளுந்த வடையும் கொண்டுபோயிருந்தேன். துணைக்கு என் வீட்டுக்காரரின் அக்கா, கோமதி மதினி. யார் எது சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்பதற்கென்றே பிறந்தவர்.

அண்ணாச்சி வடையைத் தொடவில்லை. "தம்பி, நேராவே கேக்கேன். போன வருஷம் உங்க ஊர் ஓட்டத்துல வழி தெரியாம அம்புட்டுப் பேரும் மலைக்குள்ள போயிட்டாங்களாமே? எங்க பிள்ளைகளை நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டார்.

குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் சுமாராத்தான் நடந்துச்சு, அண்ணாச்சி" என்றான்.

என் பிள்ளைக்குப் பேசத் தெரியாது. ஒரு வருடமாக ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொருவர் காலையும் கையையும் பிடித்துச் சேர்த்த லீக், அந்த ஒரு 'சுமார்' என்ற வார்த்தையில் போய்விடும் போல இருந்தது. முருகா என்று நான் வாயைத் திறந்தேன்.

"தொலையல அண்ணாச்சி. நடந்தது வேற. வழி காட்டுத அம்புக்குறி எல்லாம் போட்டது நான்தான்."

"சுண்ணாம்புத் தூளா?" என்றார் அண்ணாச்சி.

"பச்சரிசி மாவு. தரையில சும்மா கிடக்குத தூளு, நாலு உயிர் தின்னா புண்ணியமில்லையான்னு அரிசி மாவுலயே போட்டேன். தோப்புல குனிஞ்சவ, குளத்தைச் சுத்தி வந்துதான் நிமிந்தேன். ஒவ்வொரு அம்பும் கோயில் வாசல்ல போடுத கோலம் கணக்கா இருக்கும். அம்பு அவ்வளவு திருத்தமா இருந்ததுல, ஓடைத் தண்ணி அதைப் பாத்துட்டு அது காட்டுன பக்கமே திரும்பிட்டு. கீழத்தோப்புக்காரர் இன்னைக்கும் அந்தத் தண்ணியிலதான் எலுமிச்சைக்குப் பாய்ச்சுதாரு."

"ஏட்டி உலகு, அப்படியா? அவரு மோட்டர்ல இல்ல பாய்ச்சுதாரு?" என்றார் மதினி.

"மோட்டர் எதுக்கு மதினி? தண்ணி வேண்டாம்னு நிறுத்தத்தான். சரி, கேளுங்க. மறுநாள் விடியக்காலம் எறும்பு வந்துட்டு. வேற ஊர் எறும்புன்னா தின்னு தீத்துட்டுப் போயிருக்கும். நம்ம ஊர் எறும்புக்கு மரியாதை தெரியும். கோலத்தைக் கலைக்கக் கூடாதுல்லா? ஆளுக்கொரு பொடியைத் தூக்கிக்கிட்டு, அம்பு அம்பாவே இருக்க, அப்படியே நகந்துட்டு. மேற்க பாத்து."

மண்டியில் இருந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வடையை வாயில் வைத்தபடி மென்று விழுங்க மறந்தான். அண்ணாச்சி மட்டும் டீயை ஊதினார்.

"பிள்ளைகள் மேல என்ன தப்பு சொல்லுங்க? அம்பைப் பாத்து ஓடணும்னு சொல்லியிருக்கோம். அம்பு முன்னால ஓடுது. அவனுவ பின்னால ஓடுதானுவ. முதல் ஆளுக்கும் அம்புக்கும் ஒரு முழம் இடைவெளி. கடைசி வரைக்கும் எவனாலயும் அதைப் பிடிக்க முடியல."

"எறும்பு அவ்வளவு வேகமா போகுமாட்டி?"

"சும்மா போற எறும்பு போகாது மதினி. பின்னால அத்தனை பேரு ஷூவைப் போட்டுக்கிட்டு தடதடன்னு வந்தா, நீங்களும்தான் ஓடுவீங்க."

மதினி தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நெஞ்சுல குத்துத நம்பர் துணி எல்லாருக்கும் குடுத்திருந்தீங்களா?" என்று கேட்டார் அண்ணாச்சி. எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எல்லாருக்கும் குடுத்தோம். எறும்புக்குத்தான் குடுக்கல."

"சரி."

அந்தச் 'சரி' என்ன சரி என்று எனக்கு விளங்கவில்லை. கண்டக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள், அடுத்த ஸ்டாப்பில் இறக்கி விடுவதற்கு முன்னால். இனிமேல் நிறுத்தக் கூடாது என்று நான் மலை ஏறிவிட்டேன்.

"உச்சியில போனா, வழியை அடைச்சுக்கிட்டு ஒரு ஆனை. கொம்பன். எறும்பு நிக்குது, அம்பு நிக்குது, பிள்ளைகள் நிக்காங்க. ஆனை என்ன இதுன்னு தும்பிக்கையைக் கீழ வச்சு மோந்து பாத்துருக்கு. மாவு மூக்குல ஏறிட்டு. ஒரு தும்மல்! அம்பு போன இடம் தெரியல. நம்ம பக்கம் வந்துக்கிட்டு இருந்த மேகம் அம்புட்டும் திரும்பி மலையாளத்துப் பக்கம் போயிட்டு. போன வருஷம் நமக்கு மழை குறைஞ்சது எதனாலன்னு நெனச்சீங்க?"

"எறும்பு?" என்றார் அண்ணாச்சி.

"பத்திரமா இறங்கிட்டு. எறும்புக்கென்ன, அது வழி அதுக்குத் தெரியும். பிள்ளைகள்தான் நிக்காங்க. போன் எடுக்காது. நான் இங்க கீழ, ஓட்டம் முடியுத இடத்துல, அத்தனை பேருக்கும் இட்லி அவிச்சு வச்சுக்கிட்டு நிக்கேன். முருகா, மலை உன் மலை, பிள்ளைகளை இறக்கிவிடுன்னு கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தா எதுக்க சாம்பார் அண்டா. தாளிக்காம இருக்கு. சரிதான், உத்தரவு வந்துட்டுன்னு எண்ணெயை ஊத்தி, கடுகு, வெந்தயம், வத்தல், கறிவேப்பிலை, காயம், எல்லாத்தையும் போட்டுத் தாளிச்சுக் கொட்டினேன். வாசனை போய் அவனுவளைக் கூப்பிட்டுட்டு வரட்டும்னு."

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். எதையோ பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஏட்டி, நில்லு. நம்ம ஊர்ல காத்து மேற்க இருந்துதான அடிக்கும்? மலையில இருந்து கீழ வருத காத்துல உன் சாம்பார் வாசனை எப்படிட்டி மேல ஏறும்? கிழக்கல்லா போகும்?"

பையன்கள் சிரித்துவிட்டார்கள். குத்தாலிங்கம், "அம்மா, போதும்மா" என்று என் முந்தானையை இழுத்தான்.

"நீ சும்மா இரு ஐயா. மதினி கேக்கது நியாயம்தான். வாசனை கிழக்கதான் போச்சு. அதனாலதான் தாமதம். கிழக்க போய், தூத்துக்குடியில கடல்ல இறங்கி, ஊரு உலகம் எல்லாம் சுத்தி, மேற்க கொச்சி வழியாக் கரையேறி, மலைக்கு அந்தப் பக்கமா வந்து பிள்ளைகள் மூக்குல நுழைஞ்சுட்டு."

இதற்குமேல் போக எனக்கே இடம் தெரியவில்லை. சாட்சிக்கு ஆள் தேடினேன். எதிரே மைதீன் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மைதீன், நீதானப்பா முன்னால ஓடுனது? நீ சொல்லு, நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய்யா?"

அவன் என்னைப் பார்த்தான். அண்ணாச்சியைப் பார்த்தான். தலையைத் தொங்கப்போட்டிருந்த குத்தாலிங்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"அம்மா சொன்னது அத்தனையும் சரி, அண்ணாச்சி. ஆனா அவங்க பாதியோட விட்டுட்டாங்க. வாசனை எங்களுக்கு மேற்க இருந்துல்லா வந்துச்சு? அப்ப நாங்க எந்தப் பக்கம் ஓடுவோம்?"

"மேற்க" என்றார் அண்ணாச்சி.

"மேற்கதான் ஓடினோம். மலையாளம் இறங்கி, கடலைத் தாண்டி, துபாயில எங்க மச்சான் கடையில ஆளுக்கொரு சுலைமானி டீ குடிச்சோம். மச்சான் காசு வாங்கல."

"ஏல, கடலை எப்படிடா தாண்டுனீங்க?" என்றார் மதினி.

"கிராஸ் கன்ட்ரின்னா மேடு, பள்ளம், தண்ணி எல்லாம் வரத்தான் செய்யும் மாமி. அதுக்குப் பயந்தா ரோட்டுலதான் ஓடணும்."

"பாஸ்போர்ட்டு?"

"கேட்டாங்க. நிக்க நேரம் இல்ல, கூட்டுத்தொகை கெட்டுரும்னு சொல்லிட்டோம். அமெரிக்காவுல கொஞ்சம் மேடு ஜாஸ்தி. சிங்கப்பூர் வந்தப்புறம் வாசனை நல்லாப் பலமாயிட்டு. தூத்துக்குடியில கரையேறும்போது வெந்தயம் தனியா, காயம் தனியாத் தெரிஞ்சுது."

பெற்ற பிள்ளைகள் மூன்று எனக்கு. அன்று நாலாவதாக ஒருவனைக் கொடுத்தான் முருகன் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி என் மகன் பக்கம் திரும்பினார். "முடியுத இடத்துல கயிறு கட்டியிருப்பீங்களே. வாசலை எந்தப் பக்கம் பாத்து வச்சிருந்தீங்க?"

இவன் என் வயிற்றில் பிறந்தவன், பொய் வராது.

"மேற்க பாத்துதான், அண்ணாச்சி" என்றான் குத்தாலிங்கம் மெதுவாக.

"வந்ததோ கிழக்க இருந்து" என்று நான் முந்திக்கொண்டேன். "அதுதான் அன்னைக்குப் பெரிய பாடு. அவனுவ குளத்தங்கரையில வாரதைப் பாத்துட்டு, கயித்தை அவுத்துத் திருப்பிக் கட்டதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிட்டு. உலகத்தைச் சுத்தினவனுவளுக்குக்கூட அப்படி வாங்கல."

"இட்லி ஆறிப்போயிருக்குமே?"

"மூடி வச்சிருந்தேன்."

"சரி. யாரு ஜெயிச்சா?"

"அதை நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி. எங்க ஊர்ப் பிள்ளைகள்தான் ஜெயிச்சாங்கன்னு நானே சொன்னா அது தற்பெருமை. சாமிக்கு ஆகாது."

மைதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வடைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அண்ணாச்சி கடைசியில் ஒரு வடையை எடுத்தார். பிட்டுத் தின்றார். அவர் மென்று முடிக்கிற வரைக்கும் குத்தாலிங்கம் சாக்கு நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். அவன் பிய்த்ததில் ஒரு சாக்கே இல்லாமல் போயிற்று.

"இந்த வருஷம் முதல் ஓட்டம் எத்தனை மணிக்கு?" என்றார் அண்ணாச்சி.

அப்பாடா, எளிய கேள்வி. எனக்கு உயிர் வந்தது.

"காலையில ஆறு மணிக்கு. ஆறுன்னா ஆறு, அண்ணாச்சி. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகாது. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கோட்டுல வந்து நிப்பாங்க, விசில் அடிச்சிருவோம்."

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். அந்தக் காலத்தில் பஸ்ஸில் எத்தனை பேர் அந்தப் பார்வைக்குத் தானாக இறங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, எறும்பு அம்பை இழுத்துட்டுப் போச்சுன்னீங்க, சரின்னேன். ஆனை தும்முச்சுன்னீங்க, கேட்டுக்கிட்டேன். உங்க சாம்பாரு உலகத்தைச் சுத்தி வந்துச்சு, அதுக்கும் ஒன்னும் சொல்லல. அதுக்காக, கேக்க ஆள் இருக்குன்னு இப்படியா தாயி வாய் கூசாமப் புளுகுவீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நோட்டீஸ்ல ஆறுன்னே அடிங்க. எங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் ஏழு மணிக்கு வாரேன்."