பேச்சிக்கனியின் திருப்தி

தாலுகா ஆபீஸ் வாசலில் டீ விற்றவள் பேச்சிக்கனி. தாசில்தார் தணிகாசலம் அவளைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"நம்ம சேவை சனங்களுக்குத் திருப்தியான்னு நாளைக்கு கலெக்டரம்மா கேட்க வர்றாங்க. திருப்தின்னு சொல்ல ஒரு ஆளைக் கொண்டா. இல்லேன்னா உன் கடை இருக்காது."

ஊரில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மறுநாள் பேச்சிக்கனியே கலெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு ரொம்பத் திருப்திம்மா! ஒரு கையெழுத்துக்கு ஐயா மாசக்கணக்கா அலையவிடுதாரு. அலையுற அத்தனை பேரும் என் கடையிலதான் டீ குடிக்காங்க. திருப்தின்னு சொல்லலேன்னா கடையைத் தூக்கிருவாராம்."

கூட்டம் சிரித்தது. கலெக்டர் சிரிக்கவில்லை. "கடை இங்கேயே இருக்கும். தாசில்தார், எல்லா மனுவுக்கும் இன்னைக்கே பதில் வேணும்," என்றார்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டுப் போட்டு வலித்த கையோடு வெளியே வந்த தணிகாசலம் ஒரு டீ கேட்டார்.

"நாளைக்கு வாங்க, ஐயா," என்றாள் பேச்சிக்கனி.