மாப்பிள்ளை அவர்களுக்கு, நகல் கோமதிக்கு

ஆசிரமத்துக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது குற்றாலிங்கத்தின் வேலை. கலெக்டர் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். சாமியைவிட இருபது வயது மூத்தவர். சீடர்தான், ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் சாமிக்கே பாடம் எடுப்பார்.

ஒருநாள் காலை அவர் கணினியை விட்டுவிட்டு சாமி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பற்றை எப்படி சாமி விடுறது?"

"எந்தப் பற்றை?"

"கண்ணை மூடினா மக வந்து நிக்கா. பூனாவுல இருக்காள்லா, கோமதி. ஏழு மாசமா ஒரு தகவல் இல்லை. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னே வருது."

"அவள் வீட்டுக்காரருக்குப் போடலாமே."

"போட்டேன். நல்லாருக்கா, தூங்குதான்னு சொல்லுதார்."

"ஏழு மாசமாவா?"

குற்றாலிங்கம் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். அதை அவரும் யோசித்திருப்பார். யோசித்துவிட்டு மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

"அவள் கடைசியாக எழுதியதைக் காட்டுங்கள்" என்றார் சாமி.

இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். குற்றாலிங்கம் ஏழு மாசத்துக்கு முன்னால் வந்ததைத் தேடி எடுத்தார்.

'அப்பா, இது என் புது மின்னஞ்சல் முகவரி. அவருக்குத் தெரியாது. கை வீங்கிக் கிடக்கிறது. இனி இங்கே இருக்க முடியாது. நான் வந்துடட்டுமா? உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.'

சாமி அதை இரண்டு தடவை படித்தார்.

"நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

அதே நாளில் அவர் அனுப்பிய கடிதம் திரையில் வந்தது.

'பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, கோமதி எழுதிய கடிதத்தைத் தங்கள் மேலான பார்வைக்குக் கீழே இணைத்துள்ளேன். சிறுபிள்ளைத்தனமாக எழுதிவிட்டாள். பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.'

ஒரு எழுத்துப்பிழை கிடையாது. கமா வைக்க வேண்டிய இடத்தில் கமா இருந்தது.

சாமி திரையின் மேல்பகுதியில் விரலை வைத்தார். பெறுநர் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை அவர்கள்' என்று இருந்தது. முகவரிப் புத்தகத்தில் அப்படித்தான் சேமித்து வைத்திருந்தார். அதன் கீழே, நகல் என்ற இடத்தில், கோமதியின் புது முகவரி.

"பெறுநர் என்றால் யார்?"

இது குற்றாலிங்கத்துக்குத் தெரிந்த பாடம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடவடிக்கை எடுக்க வேண்டியவர், சாமி."

"நகல்?"

"அது சும்மா தகவலுக்கு. அவங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை."

"கோமதி யாரிடம் கேட்டாள்?"

"என்கிட்ட."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முகம் செத்துப்போயிற்று. பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் கதை சொல்கிற நான் அவருக்காக இரக்கப்படப் போவதில்லை.

"மாப்பிள்ளை பேரை மேல போடாம எப்படி சாமி எழுதுறது? எங்க பக்கம் அதுதான் மரியாதை."

சாமி புதுக் கடிதத்துக்கான பக்கத்தைத் திறந்து வைத்தார்.

குற்றாலிங்கத்தின் விரல் பழக்கத்தில் 'மா' என்று அடித்தது. கணினி மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. அவர் அதை அழித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பெறுநர் என்ற இடத்தில் கோமதியின் முகவரியைப் போட்டார். நகல் காலியாக இருந்தது.

விளிப்பு எழுதவில்லை. வணக்கம் எழுதவில்லை. 'வந்துரு அம்மா' என்று மட்டும் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான்.

அனுப்பினார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரை நிமிஷத்தில் கணினி மணி அடித்தது. குற்றாலிங்கம் பாய்ந்து திறந்தார்.

'இப்படி ஒரு முகவரி இல்லை. உங்கள் கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை.'

அவர் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். மறுபடி அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது.

"சரியாத்தானே சாமி போட்டேன்?"

"இப்போது சரியாகத்தான் போட்டீர்கள்."

குற்றாலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சாமி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பூனாவுக்கு ரயில் இருக்கிறது. கிளம்புங்கள்."

அவர் எழுந்தார். வாசல் வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"சாமி, திடுதிப்புனு போய் நின்னா நல்லாருக்காது. மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதிப் போட்டுட்டுப் போறதுதானே முறை?"

சாமி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"எழுதுங்கள். நகல் போடத்தான் இனி ஆள் இல்லை."