ஓட்டையை மறைத்த மஞ்சாடி மணி

ஊசி என்ற முள்ளம்பன்றியும் வரியன் என்ற அணிலும் ஒரு காட்டில் சேர்ந்து செம்பு நகை செய்து வந்தன.

செம்புத் தகட்டின்மேல் தேன்மெழுகைப் பூசி, அதைத் தன் முள்ளால் கீறிப் படம் வரைவது ஊசியின் வேலை. பிறகு தகடு செவ்வெறும்புகள் தரும் புளிப்பு நீருக்குள் போகும். கீறிய கோட்டில் மட்டும் நீர் செம்பை அரிக்கும். மெழுகு மூடிய இடத்துக்கு ஒன்றும் ஆகாது. தகட்டை நேரத்தோடு வெளியே எடுப்பது அணிலின் வேலை. செக்கச்செவேலென்று இருக்கும் மஞ்சாடி விதைகளைப் பல்லால் துளைத்து மணியாக்குவதும் அதுதான்.

ஒருநாள் காலையில் புள்ளிமான் ஓடி வந்தது.

"ஊசியம்மா! நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம். மயிலே பார்த்துப் பொறாமைப்படணும், அப்படி ஒரு பதக்கம் வேணும்!"

"கொடியும் பூவுமா போட்டுத் தர்றேன் அக்கா!"

ஊசி குனிந்த தலை நிமிராமல் கீறியது. தகட்டை நீரில் இறக்கிவிட்டு அணிலைக் கூப்பிட்டது.

"வரியண்ணே, மர நிழல் அந்தப் பாறையைத் தொட்டதும் எடுத்துடுங்க. நான் போய் நார் கொண்டு வர்றேன்."

"இதை எனக்குச் சொல்லணுமா? நீ போம்மா!"

ஊசி அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் நாவல்பழ வாசனை வந்தது. "ஒண்ணே ஒண்ணு!" என்று அணில் ஓடியது. நாவல்பழத்தை ஒன்றோடு நிறுத்தியவர் உண்டா? அது திரும்பி வந்தபோது நிழல் பாறையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. பதறிப்போய்த் தகட்டை எடுத்துப் பார்த்தது. பூ இருந்த இடமெல்லாம் ஓட்டை!

"ஐயோ! ஊசி முகத்தில் எப்படி முழிப்பேன்?"

வெட்கம் அதற்குக் குறுக்கு வழியைக் காட்டியது. ஓட்டைகளில் மெழுகை அடைத்தது. துளைக்காத மஞ்சாடி மணிகளை மேலே வைத்து அழுத்தியது.

ஊசி வந்து பார்த்து வாயைப் பிளந்தது. "அடேயப்பா! பூவுக்கு நடுவுல மணியா! உங்க யோசனையா அண்ணே?"

அணிலின் நாக்கு முழுக்க நாவல்பழக் கறை. வாயைத் திறக்காமல் "ம்ம்" என்று தலையாட்டியது.

"பாராட்டினா இவ்வளவு கூச்சமா உங்களுக்கு!" என்று ஊசி சிரித்தது.

திட்டியிருந்தால்கூட அணில் தாங்கியிருக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் கல்யாணம். மான்குட்டி பதக்கத்தோடு வந்து நின்றது. வெயிலில் செம்பு சுட்டது. மெழுகு இளகியது. ஒரு மணி கீழே விழுந்தது. பின்னாலேயே மற்ற மணிகளும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"கல்யாணப் பொண்ணுக்கு ஓட்டைத் தகடா!" என்று குரங்கு கைகொட்டிச் சிரித்தது. மான்குட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன.

தாய் மான் முள்ளம்பன்றியிடம் பாய்ந்தது. "உன்னை நம்பித்தானே கொடுத்தேன்! இத்தனை பேர் முன்னாடி எம் பொண்ணைத் தலைகுனிய வெச்சுட்டியே! இனிமே உன் வாசல்ல யார் வந்து நிப்பாங்க?"

ஊசி பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதன் முள்ளெல்லாம் படிந்துவிட்டது.

"நான்தான் அழுத்திக் கீறிட்டேன் போல அக்கா. அண்ணன் ஆசையா மணி வெச்சாரு. என் கை கெடுத்துடுச்சு. மன்னிச்சுடுங்க."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அணில் இதைக் கேட்டது. மானம் போயிற்றே என்று பாதி மரம் ஏறியது. திரும்பிப் பார்த்தால், படிந்த முள்ளோடு ஊசி அப்படியே நின்றது. அணிலால் அதற்குமேல் ஏற முடியவில்லை. இறங்கி ஓடி வந்தது.

"ஊசி மேல தப்பே இல்லை! நாவப்பழம் திங்கப் போய் நேரத்தை விட்டது நான்! ஓட்டையை மறைக்க மணி வெச்சதும் நான்தான்! அது பாராட்டினப்பகூட உண்மையைச் சொல்லலை!"

ஊசி மெல்லக் கேட்டது.

"நேத்தே சொல்லக்கூடாதா அண்ணே? அந்த ஓட்டையிலேயே நாரைக் கோத்து மணியைத் தொங்க விட்டிருப்பேனே! பதக்கம் இன்னும் அழகா இருந்திருக்குமே!"

அணில் தரையில் சிதறிய மணிகளைப் பொறுக்கி, அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துளைத்துக் கொடுத்தது. ஊசி அவற்றை நாரில் கோத்து ஓட்டைகளில் தொங்கவிட்டது. பூவுக்குப் பூ சிவப்பு மணிகள் ஆட, மான்குட்டி சிரித்தது. குரங்குகூட வாயை மூடிக்கொண்டது.

"யார் செஞ்சது இது?" என்று மயில் கேட்டது.

"நாங்க ரெண்டு பேரும்!" என்றது ஊசி.

அணில் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

செய்த தவறை உடனே சொன்னால் திருத்த வழி பிறக்கும்; வெட்கப்பட்டு மறைத்தால் அது இன்னொருவர் தலையில்தான் விடியும்.