ஐந்து மடல் ஈரல்

இத்தாலியில் ஒரு பழைய பல்கலைக்கழகம். உடற்கூறு பாடம் என்றால், பேராசிரியர் அல்பெரிகோ உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் படிப்பார். கீழே கத்தி பழகிய நாவிதன் தொனாத்தோ பிணத்தை அறுத்து, அவர் படித்ததை எடுத்துக் காட்டுவான். பேராசிரியர் ஒருநாளும் பிணத்தைத் தொட்டதில்லை.

அன்று நகர ஆளுநரே பாடம் பார்க்க வந்திருந்தார். மேசையில், தூக்கிலிடப்பட்ட ஒரு திருடனின் உடல்.

“மனிதனின் ஈரலுக்கு ஐந்து மடல்கள். காட்டு!” என்றார் பேராசிரியர்.

தொனாத்தோ பார்த்தான். பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று, இரண்டே மடல்கள். போன வருடம் ‘இரண்டுதான்’ என்று சொன்ன நாவிதனை, நூலைப் பழித்தான் என்று சிறையில் தள்ளினார்கள். அவன் உயிரோடு திரும்பவில்லை. ஐந்து என்று பொய் சொல்லலாமென்றால், ஆளுநர் எண்ணிப் பார்ப்பாரே!

“என்னடா விழிக்கிறாய்? ஐந்தும் எங்கே?” என்றார் பேராசிரியர்.

தொனாத்தோ கத்தியைக் கீழே வைத்தான். “ஐயா, புத்தகம் பொய் சொல்லாது. இவன் திருட்டுப்பயல், இரண்டோடு நின்றுவிட்டது. தங்களைப் போன்ற மேதைக்குக் கட்டாயம் ஐந்து இருக்கும். தங்கள் காலத்துக்குப் பிறகு உடலை இந்த மேசைக்கு எழுதிக் கொடுத்தால், எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டுகிறேன்.”

ஆளுநருக்கு அது நியாயமாகப் பட்டது. “பேனா கொண்டு வாருங்கள். இப்போதே கையெழுத்துப் போடட்டும்” என்றார்.

பேராசிரியர் பேனாவைத் தொடவில்லை. திறந்து கிடந்த வயிற்றையே பார்த்தார். பிறகு தடுமாறிப் படியிறங்கி வந்து, முதன்முறையாக ஈரலைத் தொட்டார்.

“இரண்டுதான்” என்றார். “எல்லாருக்கும் இரண்டுதான். எனக்கும்தான்.”